அந்த பெர்த்தை அழிக்காதீர்கள்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொன்னார், மறந்துவிட்டேன். கேள்வியை மறக்க முடியவில்லை. "சார், டிக்கட் சர்வர்ல ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் போகவே மாட்டேங்குது. எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணினாலும் திரும்ப வந்து உக்காந்துக்குது. அந்தக் கப்பலே இப்ப ஓடல. யாரு சார் அதைப் பிடிச்சிட்டிருக்காங்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் படிக்க அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸிலிருந்து ஏற்கனவே கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவன் என்றால் ஊக்கமாக நாலு வார்த்தை எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வருடம் தீவுக் கப்பல் டிக்கட் ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார்ந்ததில் இந்த ஒரு கதைதான் மிச்சம். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நம் டிக்கட் புரோகிராம் பைதானில் எழுதியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மொழியில் ஒரு பொருள் நினைவகத்தில் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும். கடைசிக் கையும் விட்டுவிட்டால் மொழியே அதைக் கூட்டி அள்ளிவிடும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். துண்டு கிடக்கும்வரை அந்த இடம் காலி இல்லை. போட்டவர் துண்டை மறந்துவிட்டு ரங்கத்திலேயே இறங்கிப் போயிருந்தாலும், போர்ட் பிளேர் வரை அந்த இடத்தில் யாரும் உட்கார முடியாது. மெமரி லீக் என்று நாம் தலையில் அடித்துக்கொள்வதெல்லாம் இப்படி எடுக்க மறந்த துண்டுகளைத்தான். ஆகவே யார் துண்டு, ஏன் போட்டார் என்று தெரிந்துகொள்ளாமல் அதை உருவி எறியக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி கிடையாது. நான் உருவி எறிந்தவன்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஒரு மேடம். வங்காளி. அவர் பெயரை எழுதப் போவதில்லை, அவரும் விரும்பமாட்டார். அதிகம் பேசாதவர். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மதியம் வரை பேச்சுதான். திக்லிபூர், ரங்கத், ஹட் பே, ஹேவ்லாக் என்று கப்பல் அணையும் ஒரு ஜெட்டி விடாமல் எல்லா டிக்கட் கவுண்டருக்கும் போட்டுப் பேசுவார். அவள் எப்படி இருக்கிறாள், அவர் ஊர் திரும்பிவிட்டாரா, கிழவிக்குக் கட்டுப் பிரித்தாயிற்றா என்று ஒரே குசலம். நான் பக்கத்து மேஜையில் இருந்துகொண்டு, "மேடம், தீவு பூரா உங்க சொந்தக்காரங்களா?" என்று சீண்டுவேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த நம்பரை அழுத்துவார்.

அது குசலம் இல்லை என்று எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

போன் ஹோல்டு என்று ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது, நீங்கள் அதை வேறு பெயரில் பார்த்திருப்பீர்கள். தீவில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் படுத்துக்கொண்டேதான் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இருக்கும் கிராமத்திலிருந்து கவுண்டருக்கு வரவே ஒரு நாள் ஆகும். அதற்குள் சீசனில் பெர்த்தெல்லாம் போய்விடும். அதனால் அந்தக் கவுண்டரில் இருப்பவர் வாய்வார்த்தையை நம்பி, ஒரு கீழ்ப் படுக்கையைப் பிடித்துவைப்பார். சட்டப்படி டிக்கட் போடாமல் பெர்த்தைப் பிடித்துவைக்க முடியாது. டேட்டாபேஸில் எழுதினால் ஆடிட்டில் கேள்வி வரும். ஆகவே மேடம் அதை டேட்டாபேஸில் எழுதவே இல்லை. நினைவகத்தில் மட்டும் ஒரு லிஸ்ட் வைத்தார். சர்வரை மூடும்போது லிஸ்டில் இருக்கும் ஹோல்டுகளை ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைத்து, திறக்கும்போது திரும்பப் படித்துக்கொள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு.

டிக்கட் கிழித்ததும் ஹோல்டு தானாகப் போகிற மாதிரி எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கப்பல் கடல் மோசம் என்று இரண்டு நாள் தள்ளிப்போகும். நோயாளிக்குத் துணை ஒருவரா இருவரா என்று கடைசி நேரத்தில்தான் தெரியும். திரும்பி வரவும் அதே ஹோல்டு வேண்டியிருக்கும். இதையெல்லாம் எந்த மெஷினும் தானாகத் தெரிந்துகொள்ளாது. அதனால் பிடிக்கச் சொன்னவரே விடவும் சொல்ல வேண்டும் என்று மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சனிக்கிழமை போனில் பெயர் பெயராகக் கேட்டு, அந்தப் பக்கம் "விட்டுரலாம்" என்று சொன்ன பிறகுதான் லிஸ்டிலிருந்து எடுப்பார்.

மேடம் மாற்றலாகி மெயின்லேண்ட் போனார். போகிற அன்று எனக்கு நிறையச் சொன்னார். சனிக்கிழமை போனைப் பற்றியும் சொல்லியிருப்பார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. அவருடைய நாற்காலி எனக்குக் கிடைக்கப் போகிறது என்ற நினைப்பு மட்டும்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் போன மூன்றாவது மாதம் சர்வர் மூச்சுத் திணற ஆரம்பித்தது. முதலில் வாரத்துக்கு ஒருமுறை நின்றது. பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை. நின்றால் எல்லாத் தீவிலும் கவுண்டர் நிற்கும். வெயிலில் வரிசையில் நிற்பவர்கள் ஹிந்தியிலும் தமிழிலும் வங்காளத்திலும் திட்டுவார்கள். கவுண்டரில் இருப்பவர்கள் எனக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். புது மெஷின் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர மாதக்கணக்காகும். எங்கள் மேலதிகாரி காலையில் வந்ததும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஆஜ் ஹோ ஜாயேகா?" என்று கேட்பார். இன்றைக்கு ஆகிவிடுமா. தினமும் அதே கேள்வி. நான் தினமும் "ஹோ ஜாயேகா சார்" என்பேன்.

ஒரு வாரம் தேடினேன். தேடின விதத்தைச் சொல்லி உங்களைப் படுத்தப் போவதில்லை, நீங்களும் அப்படித்தான் தேடுவீர்கள். நினைவகத்தில் எது பெருகிக்கொண்டே போகிறது என்று பார்ப்பது. அதைப் பிடித்திருப்பது யார் என்று கேட்பது, அவரைப் பிடித்திருப்பது யார் என்று மறுபடி கேட்பது, இப்படியே பின்னால் பின்னால் நடப்பது. பெருகியது முடிந்துபோன பயணங்களின் பெர்த் அட்டவணைகள். எப்போதோ போய்ச் சேர்ந்த கப்பல்கள் எல்லாம் நினைவகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நங்கூரம் போட்டு நின்றன. ஒவ்வொரு அட்டவணையையும் பிடித்திருந்தது ஒரு சின்ன ஹோல்டு. அந்த ஹோல்டுகளைப் பிடித்திருந்தது ஒரே ஒரு லிஸ்ட்.

லிஸ்டுக்கு மேலே மேடம் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். 'இந்த லிஸ்டை நீக்க வேண்டாம்.' ஏன் என்று எழுதவில்லை. எழுதினால் சட்டத்துக்குப் புறம்பான ஒன்றைக் கைப்பட ஒப்புக்கொண்டதாகும், எப்படி எழுதுவார்? எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. காரணம் சொல்லாத எச்சரிக்கை என்றால் எழுதியவருக்கே காரணம் தெரியாது என்று நினைத்தேன். புரோகிராமில் வேறெங்கும் அந்த லிஸ்ட் உருப்படியாகப் பயன்பட்டதாகவும் தெரியவில்லை. பெர்த் அட்டவணை ஹோல்டைப் பார்த்தது, ஆனால் பிடிக்கவில்லை. பைதானில் அப்படி ஒரு தளர்ந்த பிடி உண்டு. ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கும், அவர் போனால் போகட்டும் என்று விட்டுவிடும். கெட்டியாகப் பிடித்திருந்தது லிஸ்ட் மட்டும்தான். கவுண்டரில் போடும் ஹோல்டெல்லாம் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கும் என்று நம்பி, இது எவனோ சோதனைக்குப் போட்டு எடுக்க மறந்தது என்று முடிவு கட்டினேன்.

மேடத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாம். நம்பர் என் டைரியில் முதல் பக்கத்தில் இருந்தது. அவர் விட்டுப்போன சிக்கலை அவரைக் கேட்காமல் அவிழ்த்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. காரணம் அது ஒன்றுதான்.

அன்று வியாழக்கிழமை. காலை பதினொரு மணி வாக்கில், மேலதிகாரி பின்னால் நின்றுகொண்டிருக்கும்போதே, லிஸ்ட் இருந்த வரியை அழித்தேன். சர்வரை மூடி, அது எழுதிவைத்த சின்னக் கோப்பை மட்டும் நகல் எடுத்து வைத்தேன், அந்த அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது. சர்வரைத் திறந்தேன். திரையில் நினைவக அளவைக் காட்டும் கோடு மேலே ஏறவே இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. மேலதிகாரி என் தோளில் தட்டி, "வாஹ், கமால் கர் தியா!" என்றார், அசத்திவிட்டேனாம். ஆபீஸ் முழுக்க டீயும் சமோசாவும் வந்தது. கவுண்டரிலிருந்துகூட ஒரு போன் வந்தது. "சார், ஃபுல்லா இருந்த கப்பல்ல திடீர்னு லோயர் பெர்த் காட்டுது, குடுத்துரலாமா?" என்று ஒருவர் கேட்டார். சிஸ்டம் காட்டினால் கொடுங்கள் என்றேன். வரிசையில் நின்றவர்கள் என்னை வாழ்த்தியிருப்பார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் விற்றுப் போனது.

இனி அந்தோணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தோணி திக்லிபூர்ப் பக்கத்து ஜெட்டியில் டிக்கட் கவுண்டரில் இருந்தவன். அவன் தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து மீன்பிடிக்க வந்த குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஆனாலும் பேச்சில் அந்தக் கடற்கரை அப்படியே இருக்கும். என்னை அண்ணே என்பான். கப்பல் புறப்படும் நேரத்தில் ஏணியடியில் நின்று தலையெண்ணுவதும் அவன்தான். டிக்கட் இல்லாதவரை ஏற்றமாட்டான். சொந்த மாமனாரையே திருப்பி அனுப்பியவன் என்று ஜெட்டியில் கேலி பேசுவார்கள். அதே அந்தோணிதான் ஊர்பேர் தெரியாத நோயாளிகளுக்கெல்லாம் வாய்வார்த்தையில் ஹோல்டு போட்டு வைத்தவன்.

அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டானது. லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. அங்கிருந்த டாக்டர், அவசரம் என்று ஹெலிகாப்டருக்கு எழுதும் அளவுக்கு இல்லை, ஆனால் போர்ட் பிளேருக்குப் போய் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்துகொள்ளுங்கள், பஸ்ஸில் மட்டும் போகாதீர்கள், கப்பலில் படுத்தபடி போங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தோணி திங்கட்கிழமையே ஹோல்டு போட்டுவிட்டான். லீவு கிடைக்குமா, துணைக்கு அவன் போவதா அவன் அக்கா போவதா என்று முடிவாகாததால் டிக்கட் போடவில்லை. எல்லாருக்கும் செய்வதைத்தான் தன் வீட்டுக்கும் செய்தான்.

நான் சமோசா தின்ற அந்த வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு அவன் போன் வந்தது.

"அண்ணே, அந்தோணி பேசுதேன். ஹோல்டு ஒண்ணு போட்டிருந்தேன், இப்ப டிக்கட் கிழிக்கலாம்னு பாத்தா காட்ட மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்கண்ணே."

"யாரு பேருல?"

"ஸ்டெல்லா பேருலண்ணே. நம்ம வீட்டுலதான். டாக்டரம்மா படுத்துக்கிட்டேதான் போவணும்னு சொல்லிருக்காவ. ஜெட்டில தலகாணியோட உக்காந்துருக்கா."

நான் திரையைப் பார்க்கவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். நான் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் சிஸ்டத்தைச் சரி செய்திருக்கிறேன், அதில் தப்பு இருக்க வழியே இல்லை என்ற திமிரில், "பாத்துட்டேன் அந்தோணி, இல்லை. நீ போட மறந்திருப்ப" என்றேன்.

"போட்டேன்னுதான்ணே ஞாபகம்."

"ஞாபகத்தை வெச்சு என்ன பண்றது? போட்டிருந்தா இருக்கும்."

ஜெட்டியில் யாரோ மைக்கில் கப்பல் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு, "சரிண்ணே. ஓட்டத்துல மறந்துருப்பேன்" என்றான். குரலில் கோபம் இல்லை.

கேப்டனிடம் கெஞ்சியிருக்கலாமே என்று பிற்பாடு எத்தனையோ பேர் அவனிடம் கேட்டார்கள். அவனால் முடியவில்லை. ஏணியடியில் டிக்கட் கிடைக்காத முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை எல்லாம் கை நீட்டித் தடுத்துவிட்டுத் தன் மனைவியை மட்டும் ஏற்ற அவனுக்குக் கை வரவில்லை. தப்பு தன்மேல் என்று வேறு நம்பினான். தன் தப்புக்கு எப்படிச் சலுகை கேட்பது? அன்றைக்கும் அவன்தான் தலையெண்ணினான். கணக்குச் சரியாக இருந்தது, கப்பல் புறப்பட்டது.

அடுத்த கப்பலுக்கு ஐந்து நாள். இரவெல்லாம் ஸ்டெல்லாவுக்கு வலி இருந்ததால் விடியற்காலை பஸ்ஸிலேயே கிளம்பினார்கள். அந்த ரோடு உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தோணி தலையணையை அவளுக்கு அடியில் கொடுத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவளைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். ரங்கத் வருவதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. ரங்கத் ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவைக் காப்பாற்றினார்கள். குழந்தையைக் காப்பாற்ற அங்கே வசதி ஒன்றும் இல்லை. பெண் குழந்தை.

எனக்கு இது எதுவும் அன்றைக்குத் தெரியாது. நான் வெள்ளிக்கிழமை மேலதிகாரியோடு உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். சனிக்கிழமை ஹட் பேயிலிருந்து ஒருவர், போட்ட ஹோல்டைக் காணோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஹேவ்லாக்கிலிருந்து இன்னொருவர். மூன்று பேரும் சேர்ந்து மறந்திருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. டைரியின் முதல் பக்கத்தைத் திறந்து மேடத்துக்குப் போன் செய்தேன்.

நான் செய்ததைச் சொன்னேன். அவர் ஹிந்தியில்தான் பேசினார். மெதுவாகக் கேட்டார், "சனிக்கிழமை நான் யாரோட பேசிட்டிருந்தேன்னு நினைச்சே?"

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். லிஸ்ட் எதற்கு, அட்டவணை ஏன் தளர்ந்த பிடியாக இருக்கிறது, ஏன் காரணத்தை எழுதவில்லை. லிஸ்ட் போனதும் ஹோல்டுகள் எல்லாம் செத்து, பிடித்துவைத்த பெர்த்துகள் விற்பனைக்குப் போய்விட்டன. நினைவகம் பெருகியது லிஸ்டால் இல்லை, சனிக்கிழமை யாரும் போன் செய்யாததால். அவர் இருந்தவரை வாரா வாரம் கையால் விடுவித்ததை அவர் போன பிறகு யாரும் விடுவிக்கவில்லை. நான் ஒரு வாரம் தேடிய மெமரி லீக்குக்கு மருந்து என் மேஜைமேல் இருந்த போன்தான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, "ஜல்தி கரோ, சீக்கிரம் எல்லாருக்கும் போன் பண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வரியைத் திரும்பப் போட்டேன். நகல் எடுத்து வைத்த கோப்பிலிருந்து ஹோல்டுகள் எல்லாம் உயிர் பெற்று வந்தன. அதில் ஒன்று ஸ்டெல்லா, லோயர் பெர்த், திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் போட்டது. அவன் மறக்கவே இல்லை. ஏறியவர் எல்லாம் இறங்கி வீடு போய்ச் சேர்ந்த ஒரு கப்பலில், அவள் பெயருக்கு ஒரு படுக்கை என் திரையில் இருந்தது.

ஒவ்வொரு கவுண்டராகப் போன் செய்து, பெயர் பெயராகக் கேட்டு விடுவித்துக்கொண்டே வந்தேன். திக்லிபூருக்குப் போட்டபோது வேறொருவர் எடுத்தார். "அந்தோணி சுட்டில இருக்காரு சார்" என்றார். லீவில் இருக்கிறான். பிறகு குரலைத் தாழ்த்தி, ரங்கத்தில் நடந்ததைச் சொன்னார். "பாவம் சார், இவருதான் ஹோல்டு போட மறந்துட்டாராம். அழுதுட்டே இருக்காரு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவன் மறக்கவில்லை, நான்தான் அழித்தேன் என்று அந்த ஆளிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நான், "சரி" என்று வைத்துவிட்டேன். வெளியே சொன்னால் போன் ஹோல்டு ஏற்பாடே ஆடிட்டுக்குத் தெரிந்துவிடும், நாளைக்கு எந்த நோயாளிக்கும் பெர்த் கிடைக்காது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம்தான். அதைப் போட்டு மூடியது என் பயத்தை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. அந்தோணி முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம்.

ஒரு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஒரு சனிக்கிழமைகூட விடாமல் எல்லாக் கவுண்டருக்கும் போன் செய்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் என்னைக் கேலி செய்தார்கள், சிரித்துவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினேன். திக்லிபூருக்குப் போடும்போது பட்டியலை வாசிப்பேன், அந்த ஒரு பெயரை மட்டும் தாண்டிப் போவேன். கடைசியில் அவன், "எல்லாம் விட்டுரலாம்ணே" என்பான். எல்லாவற்றையும் விடுவிப்பேன். ஸ்டெல்லாவின் ஹோல்டு மட்டும் இருக்கும். பிடிக்கச் சொன்னவன் பெயரைக் கேட்டு விடச் சொல்லவில்லையே. எந்த முகத்தோடு நானாக விடுவது?

அவன் ஒரு நோட்டுப் போட்டிருந்தான். ஒவ்வொரு ஹோல்டையும் மூன்று இடத்தில் எழுதுவான். எழுதிவிட்டு எனக்குப் போன் செய்வான். "நான் மறந்துருவேன்ணே, ஒங்களுக்கே தெரியும். ஒருக்கா திருப்பிச் சொல்லுங்க." நான் திருப்பிச் சொல்வேன். நல்ல ஞாபகசக்தி உள்ள ஒரு மனிதன் தன்னை மறதிக்காரன் என்று நம்பி, என்னிடமே வந்து தினமும் சரி பார்த்துக்கொண்டான். எட்டு வருடம். ஒருமுறை மட்டும், அதுவும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், "அவ இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலண்ணே. ஏன் மறந்தேன்னு சண்டையாவது போட்டுருக்கலாம்" என்றான். அவர்களுக்குப் பிறகு குழந்தை இல்லை.

பாடம் சொல்லாமல் முடிக்கக் கூடாதாம், அதனால் ஒன்று சொல்கிறேன். சிஸ்டம் இல்லை என்கிறது, எதிரில் இருக்கும் ஆள் போட்டேன் என்கிறார் என்றால், முதலில் அன்றைக்கு உங்கள் கை எதைத் தொட்டது என்று பாருங்கள். மேலதிகாரி பின்னால் நின்றாலும் பாருங்கள். இதைத் தெரிந்துகொண்டதால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உங்களுக்காவது ஆகட்டும் என்று சொல்வதும் வாய்க்கு வந்த வார்த்தைதான்.

உங்களில் அந்த ஒருவர், யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டாரே, அதன் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தடயமே இல்லாமல் போய்விடும். அதற்கும் ஆசைப்பட்டேன், பொய் சொல்லவில்லை. நேற்றுக் காலையில் அந்தோணிக்குப் போன் செய்தேன்.

நலம் விசாரித்தான். வண்டூரில் என் வீட்டுப் பக்கம் மழை எப்படி என்று கேட்டான். நான், "அந்தோணி, ஒரு ஹோல்டு பாக்கி இருக்கு. நீ விடச் சொல்லணும்" என்றேன்.

"நான் இப்ப கவுண்டர்லயே இல்லியேண்ணே. யாரு பேருல?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். லிஸ்ட், வியாழக்கிழமை, சமோசா, திரையைப் பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்றது.

"அப்ப நான் போட்டேனாண்ணே?"

"போட்ட, அந்தோணி. திங்கட்கிழமை பத்தரைக்கு. லோயர் பெர்த்."

"நான் மறக்கல."

"நீ மறக்கல."

அவன் அழவில்லை. "கொஞ்சம் இருங்கண்ணே, இத நீங்களே அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றான். செருப்புச் சத்தம் நடந்து போவது கேட்டது. உள்ளே ஏதோ பேச்சு. பிறகு ஸ்டெல்லா வந்தாள். நான் அவளோடு அதுவரை ஒருமுறைகூடப் பேசியதில்லை.

மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இவரு மறக்கலன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. "மூணாம் நாளே தெரியும்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

அந்த ஹோல்டை விடச் சொல்லி அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆகவே தயவுசெய்து அந்த பெர்த்தை அழிக்காதீர்கள். அதனால் எவ்வளவு நினைவகம் வீணாகிறது என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.